மூன்று எழுத்துக்களுக்காகக் காத்திருப்போர்

2025ஆம் ஆண்டு யூன் மாதத்தில், பிரான்ஸ் தேசத்து லெ மான் நகரில் இருபத்துநான்கு மணித்தியால மோட்டார் ஓட்டம் நடைபெற்ற நாட்களில், பேஜோ நிறுவனத்தார் ஒரு சிறிய காரின் திரையை நீக்கிக் காட்டினர். பந்தய வண்டிகளின் பேரிரைச்சலுக்கு நடுவே அரங்கேறிய அந்தக் காருக்கு இரைச்சலே கிடையாது. அது மின்சாரத்தால் ஓடுவது. பெயர் ஈ-208 ஜி.டி.ஐ. வெகு விரைவிலேயே ஐரோப்பிய மோட்டார் அபிமானிகள் இரண்டு கட்சிகளாகப் பிரிந்துவிட்டனர். பழைய தோழன் திரும்பி வந்துவிட்டான் என்று ஒரு கட்சியார் மகிழ்ந்தனர். செத்துப்போனவனின் சட்டையை வேறொருவனுக்கு மாட்டிவிட்டார்கள் என்று மற்றக் கட்சியார் கொதித்தனர். இரு கட்சியாரிலும் அநேகமாக எவருமே அதுவரை அந்தக் காரின் ஆசனத்தில் ஒரு நிமிடமேனும் அமர்ந்ததில்லை என்பதுதான் வேடிக்கை.

ஒரு காரின் பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்து ஒட்டிக்கொண்டிருப்பதற்கு இத்தனை ஆரவாரமா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். எமது வீட்டிலும் அதே கேள்வி எழுந்தது. மோட்டார் சஞ்சிகைகளைச் சேர்த்து வைக்கும் பழக்கம் எமக்குப் பள்ளி நாட்களிலிருந்தே உண்டு. வாங்கப் போவது எதுவுமில்லை என்று தெரிந்திருந்தும் வாசிப்பவரை வீட்டார் எவ்வாறு நோக்குவர் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை. அதிலும், 2020ஆம் ஆண்டு முதல் 2025ஆம் ஆண்டின் தொடக்கம் வரையில் நமது நாட்டுக்குக் கார் இறக்குமதி தடைப்பட்டிருந்த காலத்தில், புதிய கார் என்பது படத்தில் மாத்திரம் காணும் பொருளாயிருந்தது. கைக்கு எட்டாத பொருளைப் பற்றி ஆறுதலாகச் சிந்திக்க அவகாசம் அதிகம். அந்த ஒரு நன்மையை நாம் மறுக்கவில்லை.

ஹட்ச்பக் என்பது, பின்புறத்திலே கண்ணாடியும் கதவும் ஒன்றாய் மேல்நோக்கித் திறக்கும் சிறிய கார். சந்தைச் சாமான்களை ஏற்றலாம். பின் ஆசனத்தை மடித்துவிட்டால் ஒரு சைக்கிளைக்கூடப் படுக்க வைக்கலாம். குடும்பத்துக்கு ஏற்ற, சிக்கனமான, எவருடைய கண்ணையும் கவராத வண்டி. அத்தகைய வண்டிக்குள் வலிய யந்திரத்தைப் பொருத்தி, அதன் சுருள்வில்களையும் பிறேக்கையும் அதற்கேற்பத் திருத்தி அமைத்தால், அதனை ஆங்கிலேயர் ‘ஹொட் ஹட்ச்’ என்பர். கிழமை நாட்களில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடும் அதே கார், ஞாயிற்றுக்கிழமை காலையில் வளைந்து செல்லும் மலைப்பாதையில் விலையுயர்ந்த பந்தயக் கார்களையும் திகைக்க வைக்கும். குடும்பத்துக்கும் அதுவே, குதூகலத்துக்கும் அதுவே. இரண்டு கார் வைத்திருக்க வசதியற்ற ஒரு குடும்பத் தலைவனுக்கு இதைவிடப் பெரிய வரப்பிரசாதம் இருக்க முடியுமா?

இந்த இனத்துக்குப் பேரும் புகழும் தேடிக் கொடுத்தது ஜேர்மனியின் கோல்ஃப் ஜி.டி.ஐ. அதன் பிறப்பு சுவையானது. 1974ஆம் ஆண்டில் வொக்ஸ்வாகன் நிறுவனத்தின் பொறியியலாளர் சிலர், அல்ஃபொன்ஸ் லோவன்பேர்க் என்பவரின் யோசனையை ஏற்று, மேலிடத்து உத்தரவு எதுவுமின்றித் தாமாகவே ஒரு வேகக் காரை உருவாக்கத் தலைப்பட்டனர். அது எண்ணெய் நெருக்கடி உலகை ஆட்டிவைத்த காலம். வேகம் என்ற சொல்லையே நிறுவனங்கள் கூச்சத்துடன் உச்சரித்த நேரம். 1975ஆம் ஆண்டு பிராங்பேர்ட் கண்காட்சியில் அந்தக் கார் காட்சிக்கு வைக்கப்பட்டது. மறு ஆண்டில் விற்பனைக்கு வந்தது. 1.6 லீற்றர் யந்திரம், 110 குதிரைவலு, மணிக்கு 182 கிலோமீற்றர் வேகம். நிறையோ 810 கிலோகிராம் மாத்திரமே. ஐயாயிரம் கார்கள் விற்றாற் போதும் என்பதே நிறுவனத்தாரின் கணக்கு. அந்த முதலாவது வடிவம் மாத்திரம் நான்கு இலட்சத்து அறுபதினாயிரத்துக்கு மேல் விற்பனையாயிற்று. கியர்த் தண்டின் தலையிலே ஒரு கோல்ஃப் பந்தையும், ஆசனத்திலே கட்டம் போட்ட ஸ்கொத்லாந்துத் துணியையும் வைத்தவர் குன்ஹில்ட் லில்யக்விஸ்ற் என்ற பெண்மணி. அந்தக் கட்டத் துணியைப் பிற்கால ஜி.டி.ஐ. கார்களிலும் காணலாம்.

ஜி.டி.ஐ. என்ற எழுத்துக்களில் உள்ள ‘ஐ’, பெற்றோலை யந்திரத்துக்குள் பீச்சும் முறையைக் குறிப்பது. மின்சாரக் காரிலே பெற்றோலும் இல்லை, பீச்சுவதும் இல்லை. ஆகவே அந்த ‘ஐ’ எதற்கு என்று கேலி செய்வோர் உளர். கேள்வி நியாயமானதே. ஆயினும் பெயர்கள் காலப்போக்கில் பொருளை உதிர்த்துவிட்டு உணர்ச்சியை மாத்திரம் சுமந்து செல்லும். பேஜோவின் ஜி.டி.ஐ. சுமக்கும் உணர்ச்சியை விளங்கிக்கொள்ள 1984ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும்.

அந்த ஆண்டில் வெளிவந்த பேஜோ 205 ஜி.டி.ஐ. சுமார் 3.7 மீற்றர் நீளமும் 850 கிலோகிராம் நிறையும் கொண்டது, 1.6 லீற்றர் யந்திரத்தின் வலு 105. பின்னர் வந்த 1.9 லீற்றர் வண்டிக்கு 130 குதிரைவலு. இலக்கங்களைப் பார்த்தால் இன்றைய சாதாரணக் கார்கள் பலவற்றுக்கு அது ஈடாகாது. ஆனால் அதனைச் செலுத்தியவர்கள் இன்றும் அதனைப் பற்றிப் பேசும்போது குரல் மாறிவிடுகிறது. சுக்கானைத் திருப்பிய கணமே மூக்கு திரும்பும். வீதியிலுள்ள சிறு கல்லும் விரல் நுனிக்குத் தெரியும். அத்துடன் அதற்கு ஒரு பொல்லாத குணமும் உண்டு. வளைவின் நடுவே பயந்துபோய்த் திடீரெனக் காலை அக்சிலறேற்றரிலிருந்து எடுத்தால், வண்டியின் பாரம் முன்சில்லுகளின் மேற் சாயும். பின்சில்லுகள் பிடிமானம் குன்றி, வால் பக்கவாட்டில் வீசும். அறியாதவனை வேலிக்குள் தள்ளிவிடும் இக்குணத்தையே, அறிந்தவன் தன் திறமைக்கு அளவுகோலாகக் கொண்டான். குறையைக் குணமாகப் போற்றும் இந்த விசித்திரம் காதலுக்கு மாத்திரம் உரியதன்று. யாழ்ப்பாணத்திலே பழைய ஒஸ்ரின் ஏ40 வைத்திருப்பவர்களோடு பேசிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அப்படிப்பட்ட இனம் ஏன் அருகியது? முதலாவது அடி 1990ஆம் ஆண்டை அண்டிய காலத்தில் இங்கிலாந்தில் விழுந்தது. சிறிய, வேகமான, இலகுவில் உடைத்துத் திறக்கக்கூடிய இந்தக் கார்களை இளைஞர்கள் களவாடி, இரவிரவாக ஓட்டி, நொறுக்கிவிட்டுப் போயினர். காப்புறுதி நிறுவனங்கள் கட்டணத்தை ஏற்றின. காரை வாங்க வல்லவனாலும் அதன் காப்புறுதிக்குப் பணங்கட்ட இயலவில்லை. அதிலிருந்து இனம் மெல்ல மீண்டெழுந்த பின் இரண்டாவது அடி விழுந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு நிறுவனம் விற்கும் புதிய கார்கள், சராசரியாகக் கிலோமீற்றருக்கு 95 கிராமுக்கு மேற் காபனீரொட்சைட்டு வெளியிடலாகாது என்ற விதி 2021ஆம் ஆண்டில் முழுமையாக அமுலுக்கு வந்தது. மிஞ்சும் ஒவ்வொரு கிராமுக்கும், விற்ற ஒவ்வொரு காருக்குமாக 95 யூரோ தண்டம். சிறிய காரை மலிவாக விற்று அற்ப இலாபம் பெறும் நிறுவனம், அந்த இலாபத்தைத் தண்டமாகக் கட்ட விரும்புமா? 2023ஆம் ஆண்டு யூலையில் ஃபோர்ட் ஃபியெஸ்ராவின் உற்பத்தி நின்றது. அதனுடன் அதன் வேக வடிவமும் போயிற்று. அதே ஆண்டில் றெனோவின் மெகான் ஆர்.எஸ். மறைந்தது. 2024இல் ஹுண்டாய் நிறுவனத்தார் தமது பெற்றோல் ‘என்’ கார்களை ஐரோப்பியச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டனர். புகையைக் குறைக்கும் சட்டத்தை நாம் குறை கூறவில்லை. பிள்ளைகள் சுவாசிக்கும் காற்று எந்தக் காரையும்விடப் பெரிது. நடந்ததைச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

ஆகவேதான் இன்று ஒரு நிறுவனம் இந்த இனத்தில் ஒரு புதிய காரை அறிவித்தால், அபிமானிகள் மழைக்கு ஏங்கிய விவசாயிகளைப் போல வானத்தைப் பார்க்கின்றனர். அவர்கள் எதிர்பார்ப்பது என்ன? சஞ்சிகைகளிலே பல்லாண்டுகளாக வாசித்ததைக் கொண்டு சொன்னால், அவர்கள் வேகத்தைக் கேட்கவில்லை. நிறுவனத்தார் வேகத்தைத் தாராளமாக வழங்கிவருகின்றனர், கேளாமலே வழங்குகின்றனர். அபிமானிகள் கேட்பது வண்டி பாரமற்றதாயிருக்க வேண்டும், கைக்கும் காலுக்கும் வேலை இருக்க வேண்டும், சம்பளக்காரன் வாங்கத்தக்க விலையாயிருக்க வேண்டும் என்பவையே.

பாரத்தை எடுத்துக்கொள்வோம். பேஜோவின் புதிய மின்சார ஜி.டி.ஐ.யின் வலு 280. தரிப்பிலிருந்து மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தை 5.7 விநாடியில் எட்டும் என அறிவிக்கப்பட்டது. நிறை 1,596 கிலோகிராம். மாணவர்கள் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1984ஆம் ஆண்டு வண்டியில் ஒவ்வொரு குதிரையும் ஏறத்தாழ 8 கிலோகிராம் இழுத்தது. புதிய வண்டியில் ஒவ்வொன்றும் 6 கிலோவுக்கும் குறைவாகவே இழுக்கிறது. நேர் வீதியிலே புதியதே வெல்லும் என்பதில் ஐயமில்லை. ஆனால் வளைவிலே குதிரைகள் உதவமாட்டா. அங்கே வண்டியைப் பிடித்திருப்பவை நான்கு ரயர்கள்; அவை தாங்க வேண்டிய நிறையோ ஏறக்குறைய இரட்டிப்பு. ஒரே வேகத்தில் வரும் இரு வண்டிகளுள் இரட்டை நிறையுள்ளதை நிறுத்த, பிறேக் இரட்டிப்புச் சக்தியை வெப்பமாக மாற்றியாக வேண்டும். அகலமான ரயரும் பெரிய பிறேக்கும் கொண்டு இதற்கு ஈடு செய்யலாம். பேஜோ நிறுவனத்தாரும் சில்லுகளின் இடைவெளியை அகட்டி, உடலைத் தாழ்த்தி, முன்சில்லுகளுக்கு வலுவைச் சீராகப் பகிரும் பொறி ஒன்றையும் பொருத்தியுள்ளனர். பற்றரி தரையோடு தரையாகக் கிடப்பதால் வண்டியின் பாரம் தாழ்வாக இருப்பதும் உண்மை. ஆயினும், பாரத்தை வெல்வது ஒன்று. பாரமே இல்லாதிருப்பது வேறொன்று. நன்றாக நடனமாடும் யானையைப் பாராட்டலாம்; மானென்று அழைக்க முடியாது. இந்த விடயத்தில் நாம் அபிமானிகளின் கட்சியே.

கைக்கும் காலுக்கும் வேலை என்ற கோரிக்கையைப் பலர் பழைமைவாதம் என்று தள்ளிவிடுகின்றனர். அவ்வாறு தள்ளியவர்கள் ஒருமுறை பாடம் படித்ததும் உண்டு. 2020ஆம் ஆண்டில் வெளிவந்த எட்டாந் தலைமுறைக் கோல்ஃப் ஜி.டி.ஐ.யின் சுக்கானில், அழுத்தும் பொத்தான்களுக்குப் பதிலாகத் தொட்டாற் சிணுங்கும் தகடுகளை வைத்தனர். வளைவிலே சுக்கானைத் திருப்பும்போது உள்ளங்கை பட்டு, வேண்டாத காரியங்கள் தாமாக நடந்தன. வெப்பத்தையும் ஒலியையும் கூட்டிக் குறைக்கும் பட்டையில் வெளிச்சமும் இல்லை. இரவிலே தடவித் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். கண்ணை வீதியில் வைத்துக்கொண்டு விரலால் வேலை செய்ய இயலவில்லை என்று அபிமானிகள் முறையிட்டனர். நான்கு ஆண்டுகளின் பின், 2024இல், பொத்தான்கள் சுக்கானுக்குத் திரும்பி வந்தன. பட்டைக்கும் வெளிச்சம் கிடைத்தது. அபிமானிகள் கொண்டாடி முடிக்குமுன், அதே திருத்தத்தில் கையால் மாற்றும் கியரும் கிளச்சும் நீக்கப்பட்டிருப்பதைக் கண்டனர். ஒரு கையாற் கொடுத்து மறு கையாற் பறிப்பது என்பது இதுதான் போலும்.

அவர்களுடைய குரலை முழுமையாகக் கேட்ட உதாரணம் ஒன்றும் உண்டு. அது யப்பானிலிருந்து வந்தது. 2020ஆம் ஆண்டு சனவரியில் டொயோட்டா நிறுவனத்தார் ஜி.ஆர். யாரிஸ் என்ற காரைக் காட்டினர். உலக றலிப் பந்தயத்துக்குத் தகுதி பெற வேண்டுமானால், அதற்கு அடிப்படையான வண்டியை ஓராண்டில் இருபத்தையாயிரம் வீதம் செய்து பொதுமக்களுக்கு விற்க வேண்டும் என்ற நிபந்தனையே அதன் பிறப்புக்குக் காரணம். மூன்று சிலிண்டர் கொண்ட 1.6 லீற்றர் யந்திரத்திலிருந்து, ஐரோப்பாவில் விற்ற வண்டிக்கு 261 குதிரைவலு, நான்கு சில்லுக்கும் வலு, கையால் மாற்றும் ஆறு கியர், காபன் நார்க் கூரை, அலுமினியக் கதவுகள், நிறை 1,280 கிலோகிராம். கணக்கப்பிள்ளைகள் இத்தகைய வண்டிக்கு இலகுவில் இணங்கமாட்டார்கள். ஆனால் நிறுவனத்தின் அப்போதைய தலைவர் அக்கியோ டொயோடா, மொறிசோ என்ற புனைபெயரிற் பந்தயங்களில் வண்டி ஓட்டியவர். இந்தக் காரையும் தாமே ஓட்டிப் பரீட்சித்தவர். அபிமானிகளுக்குத் தலைமைப் பதவியிலேயே ஒரு ஆள் இருந்தார் என்று சொல்லலாம். 2021ஆம் ஆண்டுக்கென ஆயத்தமான பந்தய வண்டி கொரோனாத் தொற்றுக் காலத்தில் கைவிடப்பட்டது. எந்தப் பந்தயத்தின் பொருட்டுப் பிறந்ததோ அதற்கு உடனே போகாவிடினும், வீதிக்கார் நிலைத்துவிட்டது. 2024இல் தானியங்கிக் கியரை அதற்குச் சேர்த்தபோதும், கைக்கியரை நீக்காமல் விட்டனர்.

சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மின்சாரக் காரிலே உயிரில்லை, ஊமை வண்டி என்று குறை கூறுவோருடன் நாம் உடன்படுவதில்லை. யந்திரத்தின் ஓசை இனியதே. ஆனால் பின்னிரவில் அயலாரின் தொட்டிற் குழந்தையை எழுப்பிவிடும் ஓசையை இனிமை என்று சொல்பவர், அந்தக் குழந்தையின் தாயிடம் சென்று சொல்லிப் பார்க்கட்டும். ஹுண்டாய் நிறுவனத்தார் 2023இல் வெளியிட்ட அயோனிக் 5 என் என்னும் மின்சாரக் காரிலே, இல்லாத கியர் மாறுவது போன்ற அதிர்வையும், இல்லாத யந்திரம் உறுமுவது போன்ற ஓசையையும் செயற்கையாக உண்டாக்கினர். கேள்விப்பட்டபோது அபிமானிகள் நகைத்தனர். ஓட்டிப் பார்த்த சஞ்சிகையாளர் பலர் நகைப்பதை நிறுத்திவிட்டனர்; வளைவுக்குள் நுழையும்போது தம் வேகத்தைக் காதாலேயே கணிக்க அது உதவுகிறதாம். ஆனால் அந்த வண்டியின் நிறை 2,200 கிலோகிராம் அளவில். மீண்டும் அந்தப் பாரம்!

எல்லாவற்றிலும் எமக்குப் பெரிதாகப் படுவது விலை. சஞ்சிகைகள் இதற்குத் தரும் இடம் போதாது. பணமுள்ளவனுக்கு எக்காலத்திலும் வேகமான கார் கிடைத்தே வந்தது. அவனுக்கு இத்தாலி தேசம் இருக்கிறது. 1976ஆம் ஆண்டு நிகழ்ந்த புதுமை என்னவென்றால், ஒரு பள்ளி ஆசிரியரோ, ஓர் ஆலைத் தொழிலாளியின் குடும்பமோ வைத்திருக்கும் காரின் வடிவத்திலேயே அந்த இன்பம் கிடைத்தது. சில ஆண்டுகள் சென்று, முதல் உடைமையாளர் விற்றபின், ஒரு மாணவனும் அதனை வாங்கித் தானே திருத்தி ஓட்டினான்; கைகளில் எண்ணெய் பூசிக்கொண்டு யந்திரவியல் பயின்றான். இன்று பற்றரியின் விலை காரின் விலையை உயர்த்துகிறது. பற்றரிக்கு உறையிட்டு முத்திரை வைத்தாற்போல் மூடியிருப்பதால், மாணவன் ஸ்பானரோடு நெருங்கவும் இயலாது. உயர்ந்த மின்னழுத்தம் உயிரைப் பறிக்கும் என்பதால் நெருங்கவும் கூடாது. வண்டியின் சுருள்வில்லைச் செம்மையாக்குவதிற் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை விலைச்சீட்டிலும் நிறுவனத்தார் காட்டுவார்களாயின், இரு கட்சியாருக்கும் இடையிலான சண்டை பாதியாகக் குறையும் என்பது எமது அபிப்பிராயம்.

பேஜோவின் புதிய கார் அபிமானிகளைக் கவர முயல்கிறது என்பதை மறுக்க முடியாது. 205இல் இருந்ததைப் போன்ற சிவப்புத் தரைவிரிப்பு. பழைய சில்லுகளை நினைவூட்டும் புதிய சில்லுகள். வளைவிலே மூக்கு எப்படித் திரும்ப வேண்டும் என்பது பற்றிய சிரத்தை. செம்மையாக ஓட்டிப் பார்த்தவர்களின் தீர்ப்பையே நாம் நம்புவோம். சிவப்பு விரிப்பைப் பார்த்து ஏமாறும் வயதை அபிமானிகள் தாண்டிவிட்டனர்.

அவர்கள் சொல்லும் இன்னொரு முறைப்பாடு கதவுகளைப் பற்றியது. 205 ஜி.டி.ஐ.க்குப் பக்கத்துக்கு ஒரு கதவும் பின்புறத்தில் ஒன்றுமாக மூன்றே கதவுகள். புதிய வண்டிக்கு ஐந்து. அழகு கெட்டுவிட்டது என்று வருந்துவோரிற் பலர் 1984இல் இளைஞராயிருந்து, பின்னர் தந்தையராகி, இன்று பேரப்பிள்ளைகளையும் கண்டவர்கள். பின் ஆசனத்திலே பேரப்பிள்ளையை இருத்திப் பட்டி மாட்டி இறக்குவதற்கு அந்த மேலதிகக் கதவுகள் மிக வசதியானவை என்று அவர்களுடைய மனைவியர் கூறுவதாகக் கேள்வி.